ஈரக்காற்று கட்டிய நகரம்

மும்பையின் மாட்டுங்காவிலிருந்து மத்திய ரயில்வேயில் தெற்கே போனால் தாதருக்கு அடுத்து பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி என்று நிலையங்கள் வரும். அங்கே கண்ணாடி அடுக்குமாடிகளுக்கு நடுவே பழைய செங்கல் புகைபோக்கிகள் சில இன்னும் நிற்கின்றன. மும்பை மக்கள் கிரண்காவ் என்றழைத்த பஞ்சாலைப் பகுதி இது. மும்பையின் முதல் பஞ்சாலையை காவஸ்ஜி நானாபாய் தாவர் தார்தேவில் நிறுவினார். 1856இல் அது ஓடத் தொடங்கியது. 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன்பின் பல ஆலைகள் பழையபடி ஓடவே இல்லை.

வேலைநிறுத்தக் கதை பலருக்கும் தெரியும். அந்த ஆலைகளின் காற்றிலும் கூரையிலும் ஒளிந்திருக்கும் அறிவியல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பஞ்சு தண்ணீரை விரும்பும் பொருள். அதன் இழை செல்லுலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. நீர் மூலக்கூறுகள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் அந்தச் சங்கிலி நெடுக உண்டு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது, 100 கிராம் உலர்ந்த பஞ்சு ஏழெட்டு கிராம் நீரைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். கம்பளி, பட்டு, ரேயான் எல்லாம் நனைந்தால் வலு குறையும். பருத்திக்கோ வலு கூடும். ஈரம் புகுந்ததும் சங்கிலிகள் சற்றே நகர்ந்து இடம் சரிசெய்துகொள்கின்றன. இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது, நூல் தாங்குகிறது.

காற்று வறண்டால் நிலைமை தலைகீழ். நூல் மொரமொரப்பாகி அறுகிறது. உராய்வில் பிறக்கும் நிலைமின்சாரம் வெளியேற வழியின்றி இழைகளிலேயே தங்க, அவை ஒன்றையொன்று விலக்கிப் பறக்கின்றன. நம் ஊர் நெசவாளர்கள் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் தெருவில் பாவு ஓடுவதும், குழித்தறியில் மண்ணின் ஈரத்தோடு நெய்வதும் அந்த அறிவுதான்.

இங்கிலாந்தின் வடபகுதியில் மான்செஸ்டர், ஓல்டாம், பர்ன்லி போன்ற ஆலை நகரங்கள் எழுந்ததில் நிலக்கரிக்கும் லிவர்பூல் துறைமுகத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அட்லான்டிக் கடலின் ஈரக்காற்று பென்னைன் மலைகளில் மோதி மழையாவதும் பஞ்சுத் தொழிலுக்குக் கைகொடுத்தது. மும்பையில் பருத்தி வணிகமும் அதில் சேர்ந்த பணமும் துறைமுகமும் ஆலைகளைக் கொண்டுவந்தன. அரபிக்கடலின் ஈரம் துணைநின்றது. கோயம்புத்தூருக்கு அதே உதவியைப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று செய்தது.

இந்த ஆலைகளின் கூரையைப் பாருங்கள். ரம்பப்பல் போல வரிசையாக ஏறி இறங்கும். செங்குத்துப் பக்கத்தில் மட்டும் கண்ணாடி, அதுவும் வடக்கு பார்த்து. இங்கிலாந்தில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதால், வடக்குக் கண்ணாடி வழியாக நேர்வெயிலோ கூர்நிழலோ இல்லாத சீரான ஒளி இறங்கும். அறுந்த இழை கண்ணுக்குத் தப்பாது. மும்பையோ 19 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. மே மாத நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை இங்கே நண்பகல் சூரியன் உச்சியைத் தாண்டிச் சற்றே வடக்கே நிற்கும். அந்த நாட்களில் பெரும்பகுதியைப் பருவமழை மேகம் மூடிவிடுவதால், குளிர்நாட்டுக் கூரை இங்கும் பயன்பட்டது.

புகைபோக்கியின் உயரத்துக்கும் காரணம் உண்டு. உள்ளே சூடான காற்று லேசாகி மேலெழும். கீழே நிலக்கரி எரியும் உலைக்குள் புதுக்காற்று பாயும். உயரம் கூடக்கூட இழுவை கூடும். 1915இல் கோபோலியில் டாட்டா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த நீர் மும்பை ஆலைகளை ஓட்டியது. நிலக்கரியின் தேவை மெல்லக் குறைந்தது.

நூலுக்கு இதமான காற்று மனிதருக்கு இதமாக இல்லை. புழுக்கத்தில் நின்றபடி தொழிலாளர்கள் பஞ்சுத்தூசியைச் சுவாசித்தார்கள். அந்தத் தூசியோடு வரும் பாக்டீரியா நச்சுகள் நுரையீரலைத் தாக்கும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும்; ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மூச்சுத்திணறல் நிலைத்துவிடும். பிசினோசிஸ் என்னும் இந்த நோய் இங்கிலாந்தின் லங்காஷயரிலும் இருந்தது, பரேலிலும் இருந்தது. பஞ்சாலையின் அறிவியலைச் சொல்பவர்கள் அந்த நுரையீரல்களை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது.

பர்ன்லியின் குயின் ஸ்ட்ரீட் ஆலையை அருங்காட்சியகமாக்கி, நீராவி எந்திரத்தையும் தறிகளையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மும்பையில் ஃபீனிக்ஸ் ஆலை வணிக வளாகமாகிவிட்டது; பல ஆலைகள் இருந்த இடமே தெரியவில்லை. மிஞ்சியிருக்கும் கூரைகளையும் புகைபோக்கிகளையும் இடிபடாமல் காப்பது அரசின் கடமை. செம்பூரிலும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளை ஒருநாள் பரேலுக்கு அழைத்துப் போக வேண்டும். ஒளி, காற்று, ஈரம் மூன்றையும் ஒரே இடத்தில் கற்றுத்தரும் இத்தகைய பாடசாலை வேறில்லை.