சொந்தமாய் ஓர் இணையதளம் – 9: தலைப்பைத் தலைப்பாகவே எழுதுவோம்

சென்ற வாரம் படங்களின் எடையைக் குறைத்தோம். இந்த வாரம் இரண்டு வேலைகள். பக்கத்தின் தலைப்புகளைச் சரிசெய்ய வேண்டும். தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்களான பிளகின்களில் தேவையில்லாதவற்றைக் கழிக்க வேண்டும். இரண்டையும் செய்து முடித்தாலும் தளம் பார்வைக்கு முன்பிருந்த மாதிரியேதான் இருக்கும். அதனாலேயே பலரும் இவற்றைத் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கோ, ஒரு தளத்தில் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான் என்று தோன்றுகிறது.

பார்வையற்ற ஒருவர் நீண்ட கட்டுரையை எப்படிப் படிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். திரைவாசிப்பு மென்பொருள் எழுத்தைக் குரலாக்கி அவருக்குச் சொல்கிறது. இவற்றில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவை 2006இல் எழுதத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், அவரே பார்வையற்றவர். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும். ஹெச் விசையைத் தட்டினால் என்விடிஏ அடுத்த தலைப்புக்குத் தாவும். 2ஐத் தட்டினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்பு, 3ஐத் தட்டினால் மூன்றாம் நிலை. நாம் ஒரு பக்கத்தை மேலும் கீழுமாகக் கண்ணால் மேய்ந்து, வேண்டிய இடத்தில் நிற்கிறோமே, அதை அவர் இப்படித்தான் செய்கிறார். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் அமைப்பு திரைவாசிப்புப் பயனர்களிடம் பல ஆண்டுகளாகக் கருத்துக் கேட்டுவருகிறது. நீளமான பக்கத்தில் தேடியதைக் கண்டுபிடிக்க முதலில் தலைப்புகளைத்தான் நாடுகிறோம் என்று பெரும்பான்மையோர் சொல்லிவருகிறார்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். உள்தலைப்பு வேண்டிய இடத்தில் வரியைப் போல்டாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, நிறமும் கொடுத்துவிடுவது பலரின் வழக்கம். கண்ணுக்கு அது தலைப்பு. மென்பொருளுக்கு அது இன்னொரு பத்தி. ஹெச் விசையைத் தட்டுகிறவருக்கு அங்கே நிற்க இடமே கிடையாது. கட்டுரையை முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாக வேண்டும், அல்லது விட்டுவிட்டுப் போக வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று ஒரு மேற்கோளுக்கு ஹெச்3 என்ற தலைப்புக் குறியைப் போட்டுவிடுவார்கள். அது தலைப்புப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டு, தேடி வருகிறவரைத் திசைதிருப்பும்.

ஹெச்1, ஹெச்2 என்ற எண்கள் நிலையைக் குறிப்பவை. எழுத்தின் அளவைத் தீர்மானிப்பது, தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ். டிம் பெர்னர்ஸ் லீ 1991இல் செர்ன் ஆய்வகத்தில் வெளியிட்ட முதல் எச்டிஎம்எல் குறிகளின் பட்டியலில் படம் போடும் குறிகூடக் கிடையாது. ஆறு நிலைத் தலைப்புகள் இருந்தன. இணையப் பக்கத்தின் எலும்புக்கூடே அவைதான்.

கட்டுரையின் பெயருக்கு ஹெச்1, பக்கத்துக்கு ஒன்று. பகுதிகளுக்கு ஹெச்2. அவற்றின் உட்பிரிவுகளுக்கு ஹெச்3. இரண்டிலிருந்து நான்குக்குத் தாவக் கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ஹெச்1 போடலாம், நிலையை உலாவியே கணக்கிட்டுக்கொள்ளும் என்று எச்டிஎம்எல்5 வந்த காலத்தில் பலர் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த உலாவியும் அந்தக் கணக்கை முழுமையாகச் செயல்படுத்தவில்லை. 2022இல் அது தரநிலையிலிருந்தே நீக்கப்பட்டது. தளத்தின் தோற்றத்துக்குப் பழைய தீம் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில தீம்கள் எல்லாப் பக்கத்திலும் தளத்தின் பெயருக்கும் ஹெச்1 கொடுத்துவிடும்.

சோதிப்பது எளிது. ஹெட்டிங்ஸ்மேப் என்ற உலாவி நீட்சி பக்கத்தின் தலைப்புகளை மட்டும் எடுத்து வரிசையாகக் காட்டும். அந்த வரிசையைப் படித்தாலே கட்டுரை எதைப் பற்றியது, எப்படிப் போகிறது என்பது விளங்க வேண்டும். கூகுளில் முதலிடம் கிடைக்கும் என்று ஆசைகாட்டி இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு வாசகர் வெளியே நிற்கிறார். இது போதுமான காரணம்.

தலைப்புகளைச் சரிசெய்ய ஒரு பிளகின் போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. பொருளடக்கம் தயாரிக்கும் பிளகின், தலைப்புக் குறிகளைத்தான் தேடும்; போல்டு வரிகள் அதன் கண்ணில் படா. தளத்தை எல்லோருக்கும் ஏற்றதாக்குகிறோம் என்று பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படத்தோடு பொத்தான் வைக்கும் பிளகின்களும் இருக்கின்றன. எது தலைப்பு, எது வெறும் அழுத்தம் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். அதை அந்தப் பொத்தான் நம்பகமாக ஊகித்துவிடாது.

இனி இரண்டாவது வேலை, பிளகின்களைக் கழிப்பது. தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2003இல் வந்தது. மறு ஆண்டே பிளகின் வசதியும் வந்தது. இன்று அதன் இலவசக் கிடங்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிளகின்கள் இருக்கின்றன. நிறுவ ஒரு நிமிடம் போதும் என்பதால் அவை சேர்ந்துகொண்டே போகின்றன. தொடர்புப் படிவம் இருப்பது ஒரே பக்கத்தில். அதன் ஸ்கிரிப்டோ பெரும்பாலும் எல்லாப் பக்கத்திலும் இறங்கும். அந்தச் சுமைக்கான டேட்டாவைச் செலவழிப்பவர் விலை மலிவான போனில் படிக்கும் வாசகர்.

அதைவிடப் பெரிது பாதுகாப்பு. 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற பிளகினில் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த பிளகின் அது. கடவுச்சொல்லே இல்லாமல் யாரும் சர்வரில் கோப்பை ஏற்றிவிட முடிந்தது. 2017இல் டிஸ்பிளே விட்ஜெட்ஸின் கதை வேறு. உருவாக்கியவர் அதை விற்றார். வாங்கியவர் கைக்குப் போனதும், தளங்களில் திருட்டுத்தனமாக விளம்பர உரையைச் செருகும் நிரல் அதில் நுழைந்தது. சுமார் இரண்டு லட்சம் தளங்களில் அது இருந்தது. நாம் நம்பி நிறுவிய பிளகின் நமக்குத் தெரியாமலே கைமாறக்கூடும்.

முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, தளத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். படங்களைத் தாமதமாக ஏற்றுவதும் தளவரைபடம் தயாரிப்பதும் 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பு முதல் வேர்ட்பிரஸிலேயே இருக்கின்றன. அவற்றுக்காக மட்டும் வைத்திருக்கும் பிளகின்கள் தேவையில்லை. நிறுத்துவதோடு நின்றுவிடாதீர்கள், அழித்துவிடுங்கள். நிறுத்திய பிளகினின் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும். ஓட்டையும் கூடவே இருக்கும். அழித்தபின் பழைய கட்டுரைகளில் சதுர அடைப்புக்குறிக்குள் புரியாத சொற்கள் தலைகாட்டினால், அவை அந்தப் பிளகினின் எச்சம், கையால் நீக்கிவிடுங்கள். பேக்கப், குப்பைப் பின்னூட்டத் தடுப்பு ஆகியவற்றில் மட்டும் கைவைக்காதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று குழம்ப வேண்டாம். உங்கள் தளத்தில் அதிகம் படிக்கப்படும் பக்கம் எதுவோ அதைத் திறந்து, என்விடிஏவை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஹெச் விசையைத் தட்டிப் பாருங்கள். எது காதில் விழவில்லையோ அதை இந்த வாரமே தலைப்பாக்குங்கள்.