பெருந்தொழிலும் அடுக்குக் கணிப்பொறி முறையும்

திருப்பெரும்பூதூர் என்றால் முன்னாளில் உடையவர் அவதரித்த தலம் என்பதே நினைவுக்கு வரும். இன்றோ அவ்வூரின் பெயரைச் சொன்னதும், விடியுமுன் தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனிப் பேருந்துகளே பலர் நினைவில் எழுகின்றன. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால்கோள் செய்தது. 1998இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006இல் வந்த நோக்கியா 2014இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ - நிசான் தொழிற்சாலையும், 2012இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பெற்றன. இவற்றில் இயங்கும் இயந்திரக் கைகளைக் கண்டு வியந்து எழுதுவோர் உண்டு. கண்ணுக்குப் புலப்படாமல் அக்கைகளுக்கு ஆணையிடும் மென்பொருளைப் பற்றி எழுதுவோர் குறைவு. அது எவ்வாறு அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது, ஏன் அவ்வாறு கட்ட வேண்டியிருக்கிறது என்பதை ஈண்டு காண்போம்.

முதலில் ஒரு கணக்கு. 2024இல் பங்கு வெளியீட்டின்போது ஹூண்டாய் நிறுவனம் தன் ஆண்டு உற்பத்தித் திறன் 8,24,000 கார்கள் எனத் தெரிவித்தது. ஓராண்டுக்கு 3,15,36,000 நொடிகள். வகுத்துப் பார்த்தால், இரவு, பகல், ஞாயிறு, பொங்கல் என்று பாராமல் ஓடினாலும் 38 நொடிக்கு ஒரு கார் வெளிவர வேண்டும். விடுமுறைகளைக் கழித்தால் வேகம் இன்னும் கூடும்.

கார்த் தொழிலில் இருக்கைகளைக் குவித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டுவதில்லை. குவித்து வைக்க இடமும் இல்லை, பணமும் முடங்கும். வண்ணம் பூசிய உடற்கூடு கடைசிக் கோர்ப்புத் தடத்திற்குள் நுழையும்போது அதன் வரிசை உறுதியாகிறது. அந்த நொடியில், "அடுத்தது வெள்ளை வண்டி, கறுப்புத் துணி இருக்கை, அதற்கடுத்தது சிவப்பு வண்டி, தோல் இருக்கை" என்னும் செய்தி சில கல் தொலைவிலுள்ள வெண்டர் கம்பெனிக்குப் போகிறது. அவர்கள் அதே வரிசையில் இருக்கைகளைச் செய்து, அதே வரிசையில் லாரியில் ஏற்றி, சில மணி நேரத்திற்குள் கொண்டுவந்து தடத்தின் பக்கத்தில் இறக்குகிறார்கள். வெண்டர்களுக்குள்ளும் முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்ற பிரிவு உண்டு. இருக்கை செய்பவர் முதல் அடுக்கு. அவருக்குக் கம்பிச் சுருள் தருபவர் இரண்டாம் அடுக்கு. நாம் பேசப்போகும் அடுக்கு வேறு. ஆயினும் இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதைப் பின்னர்க் காணலாம்.

கணிப்பொறி அடுக்கை விளங்கிக்கொள்ள ஒரகடம் வரை போக வேண்டா. நம் கல்லூரி அலுவலகத்தின் கட்டணச் சன்னலே போதும். அங்கே மூன்று உண்டு. ஒன்று, நாம் நிற்கும் சன்னல். இரண்டு, உள்ளே அமர்ந்து, இவருக்கு உதவித்தொகை உண்டா, தண்டத் தொகை உண்டா என்று விதிப்படி பார்க்கும் எழுத்தர். மூன்று, அவர் பதிவு செய்யும் பேரேடு. மென்பொருளிலும் இதுவே. காட்சி அடுக்கு, செயல் அடுக்கு, தரவு அடுக்கு என்று இவற்றை அழைக்கலாம். தொடக்ககாலப் பெருங்கணிப்பொறிகளில் இம்மூன்று வேலையும் ஒரே இயந்திரத்தின் தலையில் விழுந்தன. ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐவர் 1972இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனம், 1992இல் ஆர்/3 என்னும் மென்பொருளை வெளியிட்டபோது மூன்றையும் மூன்று வகைக் கணிப்பொறிகளில் பிரித்து வைத்தது. கணக்கு, கொள்முதல், கிடங்கு, விற்பனை யாவும் அதன்மேல் ஏறின. உலகின் பெருந்தொழில்கள் பல அவ்வழியே சென்றன.

பிரிப்பதால் என்ன பயன்? கட்டணம் செலுத்தக் கடைசி நாளன்று கூட்டம் பெருகினால், இன்னும் இரண்டு சன்னல் திறந்து, இரண்டு எழுத்தரை அமர்த்தலாம். பேரேட்டைத் தொட வேண்டியதில்லை. ஒரே எழுத்தரை மூன்று மடங்கு வேகமாக எழுதச் சொல்வதைக் காட்டிலும் இது எளிது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த எழுத்தரிடம் சென்றாலும் வேலை நடக்க வேண்டும். "நேற்று உங்கள் மனுவைப் பார்த்தவர் இன்று விடுப்பு, அவர் வந்தால்தான் தெரியும்" என்று நாம் எத்தனை அலுவலகங்களில் கேட்டிருக்கிறோம்! அந்த எழுத்தர் செய்தியைத் தம் நினைவில் வைத்துக்கொண்டதே குற்றம். நல்ல அமைப்பில் செயல் அடுக்கிலுள்ள சர்வர் எதையும் தன்னிடம் நிறுத்திக்கொள்ளக் கூடாது. (சர்வர் என்றதும் சாம்பார் வாளியுடன் வருபவரை நினைக்க வேண்டா, ஆயினும் எந்த மேசைக்கு எந்தச் சர்வர் வந்தாலும் சாப்பாடு கிடைக்க வேண்டும் என்ற அளவில் உவமை பொருந்தும்.) நினைவில் வைக்க வேண்டியதெல்லாம் பேரேட்டிலோ, வருபவர் கையிலுள்ள சீட்டிலோ இருக்க வேண்டும்.

அப்படியே எழுத்தர்களைக் கூட்டிக்கொண்டே போகலாமா? இயலாது. பேரேடு ஒன்றுதான். ஒரே பக்கத்தில் இருவர் ஒரே நேரத்தில் எழுத முடியாது. வேலையில் பத்தில் ஒரு பங்கு அந்த ஒற்றைப் பேரேட்டில்தான் நடக்க வேண்டுமென்றால், ஆயிரம் எழுத்தரை அமர்த்தினாலும் வேகம் பத்து மடங்கை எட்டாது. இதனை ஜீன் ஆம்டால் என்பவர் 1967இல் எடுத்துக்காட்டினார். ஆகவே பெரிய அமைப்புகளை வடிவமைப்போரின் முழுக் கவனமும் பேரேட்டின் மீதே. அதைத் துறைவாரியாகப் பிரிப்பர். படிப்பதற்கு மட்டும் படிகள் எடுத்து வேறு இயந்திரங்களில் வைப்பர். படி, மூலத்தைவிடச் சில நொடி பின்தங்கியிருக்கும். மேலாளர் அன்றைய உற்பத்தியைப் பார்க்க அது போதும். அடுத்த வண்டிக்கு எந்த இருக்கை என்று கேட்பவருக்குப் போதாது. எந்தக் கேள்விக்குப் பழைய விடை போதும், எதற்குப் போதாது என்று பிரித்தறிவதே இத்துறையில் கடினமான வேலை என்பது என் எண்ணம்.

இன்னொரு கணக்கும் உண்டு. எழுத்தர் ஒருவருக்குச் சராசரி 2 நிமிடம் எடுக்கிறார் என்க. ஆட்கள் ஒழுங்கின்றி வருகிறார்கள். அவர் தம் நேரத்தில் பாதி வேலையாக இருந்தால், வந்தவர் காத்திருந்து முடித்துத் திரும்பச் சராசரி 4 நிமிடம் ஆகும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேலையாக இருந்தால் 20 நிமிடம். தொண்ணூற்றைந்து என்றால் 40 நிமிடம்! டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1909இல் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாட்டின் எளிய விளைவு இது. "சர்வர் இன்னும் 5 விழுக்காடு சும்மா இருக்கிறதே" என்று மகிழும் நிர்வாகி, ஏற்கெனவே இருபது மடங்கு காக்க வைத்துக்கொண்டிருக்கிறார்.

தொழிற்சாலையில் அடுக்குகள் மூன்றோடு நிற்பதில்லை. கீழே உணர்கருவிகள், அதன்மேல் இயந்திரக் கைகளை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவிகள், அதன்மேல் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கணக்கு வைக்கும் உற்பத்தி மேலாண்மை மென்பொருள், உச்சியில் கொள்முதலும் கணக்கும் பார்க்கும் நிர்வாக மென்பொருள். இவை ஒவ்வொன்றின் காலமும் வேறு. கீழே ஆயிரத்தில் சில பங்கு நொடி. நடுவே நிமிடமும் ஷிப்டும். மேலே நாளும் மாதமும். மாதக் கணக்கு முடிக்கும் இயந்திரம் திணறும்போது வெல்டிங் கை நின்று போகலாகாது. ஆகவே அடுக்குகளுக்கிடையே ஒரு தேக்கம் வேண்டும்.

தேக்கத்தைப் பற்றி இம்மாவட்டத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை. திருப்பெரும்பூதூர் ஏரி நிறைந்தால் மிகுநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குச் செல்கிறது. ஏரி என்பது மழையின் வேகத்தையும் வயலின் தேவையையும் பிரித்து வைக்கும் ஏற்பாடு. மழை கொட்டினாலும் மதகு அளந்தே விடும். மழை நின்றாலும் மதகு சில நாள் தரும். மென்பொருளில் செய்தி வரிசை என்பது இதுவே. மேலடுக்கு அடுத்த சில மணி நேரத்திற்கான வண்டி வரிசையை முன்கூட்டியே நடு அடுக்கில் தேக்கி வைத்தால், மேலே பழுது நேர்ந்தாலும் தடம் ஓடும். ஆனால் ஏரிக்குக் கலங்கல் வேண்டும். கலங்கல் இல்லாத ஏரி கரையை உடைத்துக்கொள்ளும். வரிசை நிரம்பினால், "இனிக் கொள்ளாது, பிறகு வா" என்று திருப்பியனுப்பும் வழியை வைக்காத மென்பொருளும் அவ்வாறே உடையும்.

வரிசையில் ஓர் இடர் உண்டு. இருக்கைக் கம்பெனிக்குச் செய்தி அனுப்பியாயிற்று. "கிடைத்தது" என்ற மறுமொழி வழியில் தொலைந்துவிட்டது. அனுப்பியவர் மீண்டும் அனுப்புகிறார். அங்கே இரண்டு இருக்கை செய்துவிட்டால்? அந்த லாரியில் அதற்குப் பின்னுள்ள ஒவ்வொரு வண்டிக்கும் முந்திய வண்டியின் இருக்கை வந்து நிற்கும். எனவே ஒவ்வொரு செய்தியிலும் உடற்கூட்டின் எண் இருக்க வேண்டும். அதே எண் மறுபடி வந்தால், "முன்பே பெற்றோம்" என்று மட்டும் விடையளிக்க வேண்டும். சிறு ஏற்பாடுதான்; இல்லையென்றால் ஒரு லாரிச் சரக்கும் வீண்.

வெளியிலிருந்தும் ஓர் அடுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் தமக்குள் நடக்கும் விற்பனையின் இன்வாய்ஸ் ஒவ்வொன்றையும் அரசின் பதிவுத் தளத்தில் பதிந்து எண் பெற வேண்டும் என்றாயிற்று. 2023 ஆகஸ்ட் முதல் அவ்வரம்பு 5 கோடியாகக் குறைந்தது. இருக்கை ஆயத்தமாக இருந்தாலும், எண் வராவிட்டால் லாரி வாயிலிலேயே நிற்கும்.

இனி, நிற்காமல் இருப்பது எப்படி என்பதற்கு வருவோம். மூன்று அடுக்கும் தனித்தனியே நூற்றுக்கு 99 பங்கு நேரம் நலமாக இருக்கும் என்க. மூன்றும் ஒருங்கே நலமாக இருப்பது 0.99 × 0.99 × 0.99, அதாவது ஏறக்குறைய 97 பங்கே. ஆண்டில் 260 மணி நேரம், கிட்டத்தட்ட 11 நாள் தடம் நிற்கும்! அடுக்குக்கு இரண்டு இயந்திரம் வைத்தால், இரண்டும் ஒருங்கே பழுதாவது பதினாயிரத்தில் ஒரு பங்கு. அப்போது ஆண்டில் நிற்பது இரண்டரை மணிக்குச் சற்றே மேல். புள்ளியியல் மாணவர் இங்கே கை உயர்த்துவார்: இரு பழுதுகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால்தானே பெருக்கலாம்?

அந்தக் கேள்வியின் விலையை டொயோட்டா நிறுவனம் 2023இல் செலுத்தியது. ஆகஸ்ட் 27ஆம் நாள், உதிரிப்பாக ஆணைகளைக் கையாளும் சர்வர்களில் வழக்கமான பராமரிப்பு நடந்தது. தரவுத்தளத்தில் சேர்ந்திருந்த பழையவற்றை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது வட்டில் இடம் போதாமல் மென்பொருள் நின்றது. மாற்று இயந்திரம் இருந்தது. ஆனால் அதுவும் அதே அமைப்பில் ஓடியதால், அங்கும் அதே பழுது. 29ஆம் நாள் ஜப்பானிலுள்ள அதன் 14 கோர்ப்புத் தொழிற்சாலைகளும் நின்றன. அதிக இடமுள்ள வேறொரு சர்வருக்குத் தரவை மாற்றிய பின்னரே அமைப்பு மீண்டது. தாக்குதல் இல்லை, தீ இல்லை, வெள்ளம் இல்லை. வட்டில் இடமில்லை, அவ்வளவே! இரண்டு வைத்தார்கள், இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

இதற்கு முந்திய ஆண்டில் வேறு வகையில் நேர்ந்தது. 2022 மார்ச் 1ஆம் நாள் அதே 14 தொழிற்சாலைகளும் நின்றன. சுமார் 13,000 வண்டிகளின் உற்பத்தி தடைப்பட்டது. அன்று டொயோட்டாவின் சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஜிமா என்னும் உதிரிப்பாக நிறுவனத்தின் கணிப்பொறிகளில் தீயோர் புகுந்துவிட்டனர். முன்னே நான் குறிப்பிட்ட இரு அடுக்குகள் முட்டிக்கொள்ளும் இடம் இதுவே. உற்பத்தித் தடத்தின் வடிவமைப்பில், வெண்டரின் கணிப்பொறியும் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

நம் வட்டாரமும் தப்பவில்லை. 2017 மே 12ஆம் நாள் 'வானாகிரை' என்னும் பிணைப்பண நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளிலுள்ள ரெனோ, நிசான் ஆலைகளோடு ஒரகடத்து ஆலையும் பாதிப்புக்குள்ளாயிற்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதம் முன்னரே, மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. பின் ஏன் உலகில் இத்தனை கணிப்பொறிகள் திருத்தமின்றி இருந்தன? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் தடத்தின் பக்கத்திலுள்ள கணிப்பொறியைத் திருத்தத் தடத்தை நிறுத்த வேண்டும். 38 நொடிக்கு ஒரு கார் என்ற கணக்கில் யார் நிறுத்துவது? பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய இயந்திரத்தோடு வந்த பழைய நிரல், புதிய திருத்தத்தை ஏற்குமா என்ற அச்சம் வேறு. டொயோட்டாவோ பராமரிப்பு செய்யப்போய்த்தான் நின்றது.

ஆகவே இப்போது வடிவமைப்போர், நிர்வாக அடுக்குக்கும் உற்பத்தி அடுக்குக்கும் இடையே ஒரு தாழ்வாரம் விடுகின்றனர். மேலிருந்து வரும் செய்தி அங்குள்ள இடைச் சர்வரில் இறங்கும், கீழுள்ளது வந்து எடுத்துச் செல்லும், நேர்வழி கிடையாது. அலுவலகக் கணிப்பொறியில் மின்னஞ்சலோடு வந்த நச்சுநிரல் தடத்தின் கட்டுப்பாட்டுக் கருவியைத் தேடினால், அந்தத் தாழ்வாரத்தின் கதவில்தான் முட்டி நிற்கும். கதவைத் திறக்கும் அனுமதி யாரிடம் என்பதை எழுதி ஒட்டிவைத்திருப்பார்கள். அந்தப் பட்டியல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.