உங்களுக்குத் தெரியுமா? காலராவின் நஞ்சு இரவல் சரக்கு

உடல்நீரை லிட்டர் கணக்கில் வடித்துவிடும் காலரா நஞ்சு, அந்நோயை உண்டாக்கும் பாக்டீரியக் கிருமிக்குப் பிறவியிலேயே வாய்த்ததல்ல; ஒரு வைரஸ் கொண்டுவந்து கொடுத்தது! 1996-இல் ஆய்வாளர்கள் மேத்யூ வால்டோரும் ஜான் மெகலானோஸும் இதை வெளியிட்டார்கள். நூலிழை போன்ற அந்த வைரஸின் பெயர் சிடிஎக்ஸ்-ஃபை. நம் குடலில் குடியேறக் கிருமி நீட்டும் மெல்லிய மயிரிழைகளையே பற்றிக்கொண்டு அது உள்ளே நுழைகிறது. நஞ்சுக்கான மரபணுக்களோடு கிருமியின் குரோமோசோமில் தன்னைச் செருகிக்கொள்கிறது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் பல, பெருகியதும் அதை உடைத்துக்கொண்டு வெளியேறும். இழை வைரஸ்களோ செல்லுறை வழியே நழுவி வருகின்றன. கிருமி சாவதில்லை, தொடர்ந்து பெருகுகிறது. இந்த வைரஸ் தொற்றாத காலராக் கிருமிகளும் கழிமுகங்களில் ஏராளம். கொள்ளைநோயைக் கிளப்பும் வல்லமை அவற்றுக்கு இல்லை.