ஆறாத பால்

"சார், லென்ஸ்ல யாரோ விரல் வெச்சுட்டாங்க."

எட்டாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். ஏப்ரல் மாதம், நிலவில்லாத இரவு, என் வீட்டு மொட்டை மாடி. சிங்கத்தின் வாலில் மின்னும் உத்திர நட்சத்திரத்திலிருந்து கிழக்கே, கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி தூரத்தில், எட்டு அங்குலத் தொலைநோக்கியைத் திருப்பி வைத்திருந்தேன். அவள் பார்த்தது விரல் ரேகை அல்ல, எம்87. வால்மீன் தேடிக்கொண்டிருந்த சார்ல் மெஸ்ஸியே 1781-இல் தன் பட்டியலில் 87-வதாகச் சேர்த்ததும் இதே மங்கலைத்தான்.

"பாடப் புத்தகத்துல சுருள் சுருளா இருக்குமே சார்?"

"எல்லா கேலக்ஸியும் சுருளா இருக்காதும்மா. இது நீள்வட்ட கேலக்ஸி."

இதன் தூரம் சுமார் 5.5 கோடி ஒளியாண்டு. உள்ளே லட்சம் கோடிக்கணக்கில் நட்சத்திரங்கள். பெரும்பாலானவை வயதான, சிவந்த நட்சத்திரங்கள்.

முப்பது வருடம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவனுக்கு எல்லா உதாரணமும் பள்ளி மைதானத்திலேயே கிடைத்துவிடும். விளையாட்டு விழா அணிவகுப்பில் பிள்ளைகள் ஒரே திசையில் மைதானத்தைச் சுற்றுவார்கள். சுருள் கேலக்ஸியின் நட்சத்திரங்கள் அப்படித்தான் தட்டையான வட்டில் சுற்றுகின்றன. இடைவேளை மணி அடித்தால் ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசை இல்லாத ஒரே கும்பல். நீள்வட்டம் அந்தக் கும்பல்.

வரிசையைக் கலைத்தது யார்? ஆலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் 1972-இல் இரண்டு சுருள்களைக் கணினியில் நெருங்கவிட்டுப் பார்த்தார்கள். ஈர்ப்பு விசை இழுத்த இழுப்பில் வட்டுகள் சிதைந்து வால்களாக நீண்டன. இப்படி மோதி ஒன்றான சுருள்களே நீள்வட்டங்கள் என்று 1977-இல் ஆலார் டூம்ரே சொன்னார். அந்த மோதலில் நட்சத்திரம் நட்சத்திரத்தை இடிப்பதில்லை, இடைவெளி அவ்வளவு. இடித்துக்கொள்வது வாயு. அது நெருக்குண்டு நடுவே சரிந்து, நட்சத்திரங்களைக் கொத்துக் கொத்தாகப் பெற்றுப் போடுகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இந்தக் கல்யாணக் கதை பொருந்தவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்ட ஜிஎஸ்-9209 என்ற கேலக்ஸியைப் பற்றி 2023-இல் கட்டுரை வந்தது. பெருவெடிப்புக்குப் பிறகு 125 கோடி வருடத்தில் அது எப்படி இருந்ததோ, அந்தக் காட்சி இப்போதுதான் நமக்கு வந்து சேர்கிறது. நம் பால்வழியின் நட்சத்திர எடைக்குச் சற்றேறக்குறைய சமம்; அளவோ பத்தில் ஒரு பங்கு. அதற்குள் புது நட்சத்திரப் பிறப்பும் நின்றுவிட்டிருந்தது. பிரபஞ்சத்தின் 1,380 கோடி வருடத்தை நூறு வயது என்று சுருக்கினால், ஜிஎஸ்-9209 ஆறு வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டது. நான் ஐம்பத்தெட்டு வரை காத்திருந்தேன்.

இந்த அவசரம் எப்படி? சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 66 ஆன்டெனாக்களோடு நிற்கும் ஆல்மா தொலைநோக்கி, தூசியில் மறைந்த பழங்கால கேலக்ஸிகளுக்குள் பார்க்க வல்லது. நூற்றுக்கும் மேற்பட்ட அப்படிப்பட்ட கேலக்ஸிகளை ஆராய்ந்த கட்டுரை 2024 டிசம்பரில் வெளியானது. அவற்றில் பலவற்றின் நடுப்பகுதி, தட்டையாக இல்லாமல் அப்போதே உருண்டையாக இருந்தது. குளிர்ந்த வாயு வெள்ளமாக நடுவில் பாய, அங்கேயே உருண்டை திரண்டுவிட்டது. ஒழுங்கான இரண்டு சுருள்கள் வளர்ந்து மோதும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பிறகு நீள்வட்டங்கள் வளர்ந்தது சின்ன கேலக்ஸிகளை விழுங்கி. தின்ற தடயம் எம்87-ஐச் சுற்றியே கிடக்கிறது. பால்வழியில் கோளக் கொத்துகள், அதாவது நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டங்கள், சுமார் 150. அங்கே சுமார் 12,000.

"இவ்வளவு தின்னுதே, புது நட்சத்திரம் ஏன் பிறக்கல?"

"கொதிக்கிற பால்ல உறை ஊத்தினா?"

"திரிஞ்சு போயிடும். ஆறணும் சார்."

வாயுவும் ஆறினால்தான் நட்சத்திரமாக இறுகும். எம்87-ஐச் சூழ்ந்த வாயு ஒரு கோடி டிகிரிக்கும் மேல் சூடு. அதை ஆறவிடாமல் அடுப்பெரிப்பது நடுவிலுள்ள கருந்துளை. சூரியனைப்போல் 650 கோடி மடங்கு எடை. 2019-இல் ஆரஞ்சு வளையமாகச் செய்தித்தாள்களில் வந்ததே, அதேதான். அதிலிருந்து பீறிடும் தாரையை 1918-லேயே ஹீபர் கர்ட்டிஸ் ஒளிப்படத்தில் கண்டு, நேரான கதிர்போல் இருக்கிறது என்று குறித்துவைத்தார்.

அவள் மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு நோட்டில் பென்சிலால் ஒரு பொட்டு வைத்து, விரலால் சுற்றிலும் தேய்த்தாள். ஓரம் மங்கியது. நடுவை மட்டும் இன்னொரு முறை அழுத்திக் கருப்பாக்கினாள்.