டெங்கு போடும் முடிச்சு

"நல்ல திடமான பையன். சாப்பாட்டிலும் குறை வைக்கவில்லை. அவனை எப்படிச் சார் இந்த டெங்கு ஒரு வாரம் சாய்த்துப் போட்டது?" என்று தென்காசி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மகனுக்கு எதிர்ப்புச் சக்தி போதவில்லையோ என்பது அவர் கவலை. எதிர்ப்புச் சக்தி இருக்கிறது அம்மா. அதன் கண்ணில் மண்ணைத் தூவும் வித்தை டெங்கு வைரஸுக்குத் தெரிந்திருக்கிறது.

கொசு கடிப்பதும் காய்ச்சல் வருவதும் தெரிந்த கதை. இடையில் செல்லுக்குள் நடப்பதைப் பார்ப்போம். வைரஸ் நுழைந்ததை மோப்பம் பிடிக்கும் புரதங்கள் அங்கே உண்டு. அவை எச்சரித்தால் இன்டர்ஃபெரான் சுரந்து, அக்கம்பக்கத்துச் செல்களும் உஷாராகிவிடும். டெங்குவோ செல்லின் உட்சவ்வை வளைத்துச் சிறு பைகளாக்கி, அந்த மறைவில் தன்னைப் படியெடுக்கிறது. இன்டர்ஃபெரான் தரும் தகவலைச் செல்லின் கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்2 புரதத்தை, டெங்குவின் என்.எஸ்.5 புரதம் ஒழித்துக் கட்டுகிறது. இந்த வைரஸின் கைவசம் இருப்பதே மொத்தம் பத்துப் புரதங்கள்தான்.

புரதமே இல்லாத ஒரு தந்திரமும் அதனிடம் உண்டு. எனக்குப் பெரும் வியப்பு அதில்தான். வேண்டாத ஆர்.என்.ஏ. இழைகளை ஒரு முனையிலிருந்து மென்றுகொண்டே போகும் எக்ஸ்.ஆர்.என்.1 என்ற நொதி நம் செல்லில் இருக்கிறது. சுமார் 10,700 எழுத்துகள் நீளமுள்ள வைரஸின் இழையையும் அது மெல்லத் தொடங்குகிறது. கடைசிச் சில நூறு எழுத்துகள் இருக்கும்போது அப்படியே நின்றுவிடுகிறது. அங்கே இழை தானே வளைந்து வளையமாகி, தன் ஒரு பகுதியை அதற்குள் நுழைத்து முடிச்சுப் போட்டிருக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜெஃப்ரி கீஃப்ட் குழுவினர், டெங்குவின் உறவான ஒரு வைரஸில் இந்த வடிவத்தை அணு அணுவாகப் படம்பிடித்தார்கள்.

வைரஸின் சொந்தப் படியெடுப்பு நொதி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் இதே முடிச்சு வழிவிடுகிறது. அப்பா மாட்டை முளையில் கட்டுவது என் நினைவுக்கு வருகிறது. மாடு திமிறத் திமிற முடிச்சு இறுகும். அப்பா நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்ந்து விழும்.

மெல்லப்படாமல் தப்பிய துண்டு சும்மா கிடப்பதில்லை. எச்சரிக்கை வேலையில் பங்குள்ள ட்ரிம்25 புரதத்தைப் பற்றிக்கொண்டு முடக்குகிறது. 1994-இல் போர்ட்டோ ரிக்கோவில் பெரிதாகப் பரவிய டெங்கு-2 வகை வைரஸின் ஒரு கிளை, இந்தத் துண்டை முந்தைய கிளையைவிட அதிகமாக உண்டாக்கி இன்டர்ஃபெரானைக் குறைத்தது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இப்படிப்பட்ட வைரஸுக்கு எதிராக மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது; அது பாக்டீரியாவுக்கானது. ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் டெங்குவில் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் போவதே முறை.

கொசுவை ஒழிக்கத் தெருவில் புகை அடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும்; முட்டையை ஒன்றும் செய்யாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தண்ணீர் டிரம்மின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் போதாது. வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். மூடி போட்டு வைக்கவேண்டும். ஏடிஸ் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அபூர்வம். நம் பிள்ளையைக் கடித்த கொசு பெரும்பாலும் நம் தெருவிலேயே வளர்ந்தது. அதனால் நம் வீட்டு டிரம்மோடு பக்கத்து வீட்டு டிரம்மையும் கவனித்தாக வேண்டும்.