வெள்ளி அடைத்த பல்லை என்ன செய்வது?

ரயில்வேயில் இருந்த காலத்தில் என் கடைவாய்ப் பற்கள் மூன்றில் ‘வெள்ளி’ அடைத்தார்கள். பெயர்தான் வெள்ளி, அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. இது தெரிந்ததும் மூன்றையும் எடுத்துவிட்டு, பல்லின் நிறத்திலேயே அடைத்துக்கொள்ளலாமென்று தேவ்நாரில் பல் டாக்டரிடம் ஓடினேன்.

“கெட்டியாக இருப்பதைத் தொட வேண்டாம் சார். குடையும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும்” என்றார் அவர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2020இல் இதையே சொன்னது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புதிதாக வெள்ளி அடைப்பதைக் கூடியவரை தவிர்க்கவும் சொன்னது. வெள்ளி அடைப்பைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது.

விரிசல் கண்ட ஒன்றை மட்டும் மாற்றினார். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி, தண்ணீர் பீய்ச்சி, உறிஞ்சு குழாய் வைத்து, பொடியாக்காமல் துண்டு துண்டாகப் பெயர்த்தார். பின்பு புது அடைப்பை நீல ஒளி காட்டி இறுக வைத்தார். எச்சில் பட்டால் அது சரியாக ஒட்டாது. அதற்கும் அந்த ரப்பர்தான் காவல்.

எனவே வாசகர்களே, நாற்காலியில் உட்காரும் முன் “ரப்பர் விரிப்பு உண்டா?” என்று கேளுங்கள். நல்ல தண்டவாளத்தை யாரும் பெயர்ப்பதில்லை. விரிசல் விட்டதை விட்டு வைப்பதுமில்லை. பல்லும் அப்படித்தான்.