கடலில் சேரும் தண்ணீர் வீணா?

ஐப்பசி மழை பெய்யும் நாளில் விழுப்புரம் மாவட்டம் வல்லத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு பேச்சு காதில் விழாமல் போகாது: "பெய்யிற மழையெல்லாம் கடல்ல போய் வீணாவுது." ஏரி நிறையணுமே என்ற கவலையில் வரும் பேச்சு. அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் தண்ணீர் கடலைத் தொடும் இடத்தில் என்ன செய்கிறது என்று, டீ ஆறுவதற்குள் கூடவே போய்ப் பார்த்துவிடுவோம்.

செஞ்சி மலைகளின் மழை வராக நதியாக வீடூர் அணைக்குப் போகிறது. நாம் இன்று பிடிக்கப்போவது அதற்குக் கிழக்கே உள்ள வழி. திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிகள் கோடி போனால் அந்தத் தண்ணீர் மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி என்ற ஈரநிலத்தில் வந்து சேரும். ஏறத்தாழ 12,700 ஏக்கர் பரப்பு. ஆனால் ஆழமே கிடையாது, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தது போல. அதன் இன்னொரு முனை எடையன்திட்டு முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது.

மழைக்காலத்தில் ஏரித் தண்ணீரின் கை ஓங்கும். கோடையில் கடல்நீர் உள்ளே ஏறும். இரண்டும் கலந்ததுதான் உவர்நீர். குழம்பில் உப்புக் கரித்தால் தண்ணீர் விளாவுகிறோம் இல்லையா, அந்த வேலையைத்தான் மழை இங்கே செய்கிறது.

இப்படி விளாவுவதால் யாருக்கு என்ன லாபம்? இறாலைப் பாருங்கள். கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகளோ உப்புக் குறைந்த இந்த அமைதியான தண்ணீரைத் தேடி உள்ளே வருகின்றன. வளர்ந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை மீனும் இங்கேதான் தேறுகிறது. நம் பாஷையில் சொன்னால் இது கடலின் நாற்றங்கால். நடவு வயல் வேறிடத்தில் இருக்கிறது என்பதற்காக நாற்றங்காலுக்குப் பாய்ந்த தண்ணீரை எந்த விவசாயியும் வீண் என்று சொல்லமாட்டார்.

மண்ணுக்கடியில் ஊறும் மழைத் தண்ணீரும் ஒரு வேலை செய்கிறது. நல்ல தண்ணீர் இலேசு, உப்புநீர் கனம். அதனால் கரையோர நிலத்தில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு உப்பை அமுக்கி வைக்கும். மேலே அந்த ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறிவரும். கிணறு கரிக்க ஆரம்பிப்பது இப்படித்தான்.

பனிக்காலத்தில் தண்ணீர் வடிய வடியச் சேறு தெரியும். புழுவும் குட்டி இறாலும் நிறைந்த அந்தச் சேற்றை நம்பி, மத்திய ஆசியாவிலிருந்துகூடப் பறவைகள் வருகின்றன. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகையே சல்லடையாக்கி இரையை அரித்துத் தின்னும். 2021-இல் இந்த இடம் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. உலகமே பாதுகாக்க வேண்டிய ஈரநிலங்களின் பட்டியல் அது.

தை மாதம் விடியலில் ஒருமுறை போய்வாருங்கள். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டியதும் வெயில் ஏறும் முன்னே கரையில் நில்லுங்கள். கணுக்கால் தண்ணீரில் நின்று பறவைகள் மேய்வது, நம் பக்கத்து ஏரிகள் ஐப்பசியில் வழியவிட்ட அதே தண்ணீரில்தான்.